அக்கா டெவனில், தம்பி நியூசிலாந்தில்: எட்வர்டு காலக் கடிதக் கட்டைப் பிரித்து வரிசைப்படுத்துவது எப்படி

ஏழாம் எட்வர்டு பிரிட்டனை ஆண்டது 1901 ஜனவரி 22 முதல் 1910 மே 6 வரை. அந்த ஒன்பது ஆண்டுகளில் நடுத்தர ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றின் பிள்ளைகள் ஐந்து திசையில் கிடப்பது சாதாரணம். ஒருவன் கனடாவின் புல்வெளியில் 160 ஏக்கர் அரசு நிலத்தைப் பதிந்துகொண்டு மரக்குடிசை கட்டுவான். ஒருவன் இந்தியாவில் உத்தியோகத்தில் இருப்பான். ஒருத்தி கல்யாணமாகி நியூசிலாந்து போயிருப்பாள். கல்யாணமாகாத ஒரு மகள் தாய்வீட்டில் இருந்துகொண்டு எல்லோருக்கும் எழுதுவாள். இவர்களின் கடிதக் கட்டுகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன, ஆவணக் காப்பகங்களுக்கு வருகின்றன, பழைய டிரங்குப் பெட்டிகளிலிருந்து வெளிப்படுகின்றன. சென்னை மாகாண அரசு கோடையில் உதகைக்கு இடம்பெயர்ந்து வேலை செய்த காலம் அது. அதனால் நீலகிரி முகவரியுடன் இங்கிலாந்து போன கடிதங்களும் நிறைய உண்டு.

கட்டு கையில் கிடைத்ததும் மேலே இருக்கும் கடிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உடன்பிறந்தவர்களின் கடிதங்கள் ஒன்றுக்கொன்று பதில். எந்தக் கடிதம் எதற்குப் பதில் என்று தெரியாமல் படித்தால் பாதி வாக்கியங்கள் புரியாது, மீதியைத் தவறாகப் புரிந்துகொள்வோம். முதலில் வரிசை, பிறகுதான் வாசிப்பு. அந்த வரிசையை நமக்குச் சொல்லித்தருவது கப்பல் தபாலின் கால அட்டவணை.

கட்டைப் பிரிக்கும் முன்

நாடாவை அவிழ்க்காமல் கட்டை நாலு பக்கமும் படம் எடுங்கள். எந்தக் கடிதம் எதன்மேல் இருந்தது என்பது ஒரு தடயம். கடிதத்தைப் பெற்றவர் தாமே கட்டியிருந்தால் பெரும்பாலும் வந்த வரிசையிலேயே அடுக்கியிருப்பார். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து 1, 2, 3 என்று எண் கொடுங்கள். எண்ணைக் கடிதத்தின்மேல் எழுத வேண்டாம். அதை வைக்கும் புதிய மடிப்புத்தாளில் 2பி பென்சிலால் எழுதினால் போதும். பேனா மேசைக்கே வரக்கூடாது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம். அதை மாட்டினால் விரலுக்கு உணர்வு குறையும், பொடிந்த ஓரத்தில் நூல் மாட்டிக் கிழியும்.

குண்டூசி, இரும்புக் கிளிப் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். கிளிப்பின் அடியில் இருபக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மேல் வளையத்தை மெதுவாகத் தூக்கி விடுவியுங்கள். நாள்பட்ட மடிப்பை ஒரேயடியாக விரிக்கவும் கூடாது. பாதி திறந்து, சுத்தமான தாளுக்கு நடுவில் வைத்து, மேலே லேசான கனம் ஏற்றி ஒருநாள் விடுங்கள். மறுநாள் மீதியைத் திறக்கலாம். ஆவி காட்டி மடிப்பை இளக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இந்தக் காலக் கடிதங்களில் அது ஆபத்து. காரணம் மையில் இருக்கிறது.

அன்றைய நீலக்கறுப்பு மை மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தது. எழுதும்போது நீலமாகத் தெரிந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, காலப்போக்கில் பழுப்பாகும். அதிலிருக்கும் அமிலமும் இரும்பும் காகிதத்தை உள்ளிருந்து அரிக்கும். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஈரம் பட்டால் அந்த இரும்பு இன்னும் பரவும். இன்னொன்று காப்பியிங் பென்சில். முகாமிலும் ரயிலிலும் இருந்து எழுதியவர்கள் இதை விரும்பினார்கள். பார்க்கச் சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறம், ஆனால் உள்ளே சாயம் இருக்கும். ஒரு சொட்டு நீர் பட்டால் அந்த இடம் ஊதாவாகக் கரைந்து ஓடிவிடும். சாம்பல் எழுத்தில் அங்கங்கே ஊதாப் புள்ளி கண்டால் அந்தக் கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்து, 'ஈரம் கூடாது' என்று மடிப்புத்தாளில் எழுதிவிடுங்கள்.

உறையும் கடிதமும் ஒன்றுதானா?

கடிதம் இந்த உறையில் இருந்தது என்பதால் இந்த உறையில் வந்தது என்று முடிவு கட்டக்கூடாது. வீடு வீடாகக் கைமாறியவை இவை. 'படித்துவிட்டு அம்மாவுக்கு அனுப்பு' என்று எழுதி, கனடாக் கடிதத்தை இந்தியாவுக்கும் இந்தியக் கடிதத்தை லண்டனுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சில குடும்பங்களில் சுற்றுக் கடிதமே உண்டு. ஒரு பொட்டலம் வரும், அதில் எல்லோருடைய கடிதமும் இருக்கும். பெற்றவர் தம்முடைய பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து அடுத்தவருக்கு அனுப்புவார். ஆகவே ஒரே உறைக்குள் நாலு கையெழுத்து இருந்தால் குழம்ப வேண்டாம். அதைக் கலைக்கவும் வேண்டாம்.

ஒத்துப்பார்க்க மூன்று சோதனை போதும். கடிதத்தின் மடிப்புக்கோடு உறையின் அளவோடு பொருந்துகிறதா? உறையின் முத்திரைத் தேதி, கடிதத் தேதியிலிருந்து ஓரிரு நாளுக்குள் இருக்கிறதா? ஒட்டிய தபால்தலை அந்தக் கனத்துக்குச் சரியா? மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. தேதி இல்லாத கடிதத்துக்கும் அது உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1898 கிறிஸ்துமஸ் நாளில் பேரரசுப் பென்னித் தபால் தொடங்கியது. பிரிட்டனிலிருந்து இந்தியா, கனடா உட்படப் பல பகுதிகளுக்கு அரை அவுன்ஸ், அதாவது சுமார் 14 கிராம் கடிதம் ஒரு பென்னியில் போனது. இந்தியாவில் அதே கட்டணம் ஓர் அணா. ரூபாய்க்கு 16 அணா, அன்றைய மாற்று விகிதத்தில் ரூபாய்க்கு 16 பென்னி, எனவே இரண்டும் ஒன்றே. நியூசிலாந்து 1901 ஜனவரி 1 அன்று பென்னிக் கட்டணத்துக்கு வந்தது. பேரரசுக்கு வெளியே இரண்டரைப் பென்னி. அமெரிக்காவுக்கு மட்டும் 1908 அக்டோபர் 1 முதல் ஒரு பென்னியானது. எடை வரம்பு அரை அவுன்ஸிலிருந்து ஓர் அவுன்ஸாக உயர்ந்தது 1907 அக்டோபர் 1 அன்று.

கடைசித் தேதியை மனதில் வையுங்கள். அதற்கு முன்பு வெளிநாட்டுக் கடிதங்கள் மெல்லிய தாளில், பொடி எழுத்தில், ஓரம் விடாமல் நெருக்கி எழுதப்பட்டவை. சிக்கனம்தான் காரணம். நாலைந்து தாள் கனமான கடிதம் ஒற்றைப் பென்னித் தலையோடு, அபராத முத்திரை இல்லாமல் போயிருந்தால் அது 1907 அக்டோபருக்குப் பிந்தையது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். சமையலறைத் தராசு இதற்குப் பயன்படாது. ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் நகைத் தராசு வேண்டும்.

தபால்தலை தரும் தேதி 'இதற்கு முன் இல்லை' என்பது மட்டுமே. எட்வர்டு முகம் போட்ட சிவப்பு ஒரு பென்னி 1902 ஜனவரி 1 அன்று வெளிவந்தது. 1901 முழுக்க விக்டோரியா முகம்தான். அதேபோல ஐந்தாம் ஜார்ஜ் தலை 1911 ஜூன் 22 அன்றுதான் வந்தது. அதனால் எட்வர்டு தலை ஒட்டிய கடிதம் அவர் இறந்த பிறகும் எழுதப்பட்டிருக்கலாம். ஆஸ்திரேலியக் கடிதங்களில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா என்று தனித்தனித் தலைகளைக் கண்டு 1901க்கு முந்தையவை என்று எண்ணிவிடாதீர்கள். நாடு ஒன்றுபட்டது 1901இல், பொதுத் தபால்தலை வந்தது 1913இல்.

தேதி இல்லாத கடிதம்

வாரக் கிழமையும் நாளும் எழுதுவார்கள், ஆண்டை விட்டுவிடுவார்கள். உடன்பிறந்தவருக்கு ஆண்டு எதற்கு? நமக்கு அந்தக் கிழமையே திறவுகோல். 'ஞாயிறு, அக்டோபர் 14' என்று இருந்தால் எட்வர்டு ஆட்சியில் அது 1906 மட்டும்தான். 'ஞாயிறு, மே 3' என்றால் 1903, 1908 என இரண்டு பொருந்தும். அப்போது கடிதத்துக்குள் தேடுங்கள். 'ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது' என்றிருந்தால் 1908, ஏனென்றால் அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 19. 1903இல் அது ஏப்ரல் 12, மூன்று வாரம் ஆகியிருக்கும். ஆங்கிலத் திருநாள்களும் தேதிதான். மைக்கேல்மஸ் என்றால் செப்டம்பர் 29, லேடி டே என்றால் மார்ச் 25. வாடகையும் சம்பளமும் இந்த நாள்களை ஒட்டியே பேசப்படும்.

முகவரியும் பேசும். சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா மாகாணங்கள் 1905 செப்டம்பர் 1 அன்று உருவானவை. முகவரியில் வடமேற்குப் பிரதேசம் என்றிருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆரஞ்சு ரிவர் காலனி என்ற பெயர் 1910 மே 31 அன்று தென்னாப்பிரிக்க ஒன்றியம் பிறந்ததோடு முடிந்தது. ஆனால் அச்சடித்த பழைய தாளைத் தீரும்வரை உபயோகிப்பவர்கள் எப்போதும் இருந்தார்கள். அச்சு முகவரியைவிடக் கையால் எழுதிய முகவரியை நம்புங்கள்.

படத் தபாலட்டையில் பின்பக்கம் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி என்று இருந்தால் பிரிட்டனில் அது 1902க்கு முன்னால் இல்லை. அமெரிக்காவில் 1907க்கு முன்னால் இல்லை.

உறைமேல் பெயர் எழுதும் வழக்கம் இன்னொரு நல்ல தடயம். வீட்டில் கல்யாணமாகாத மூத்த மகள் வெறும் 'மிஸ் ஸ்மித்'. தங்கைகள் தங்கள் பெயரும் சேர்த்து 'மிஸ் இன்னார் ஸ்மித்'. மூத்தவளுக்குக் கல்யாணம் ஆனதும் அடுத்தவள் 'மிஸ் ஸ்மித்' ஆகிவிடுவாள். ஒரே பெண்ணுக்கு வந்த உறைகளில் முகவரி நடுவில் இப்படி மாறினால், அந்த இடைவெளியில் மூத்தவளின் கல்யாணமோ சாவோ நடந்திருக்கிறது. திருமணப் பதிவில் தேடத் தொடங்க வேண்டிய ஆண்டு கிடைத்துவிட்டது. கறுப்புக்கரை போட்ட தாளும் இதுபோல. துக்கத்தின் தொடக்கத்தில் கரை அகலம், மாதம் செல்லச் செல்லக் குறுகும். 1901 தொடக்கத்தில் மட்டும் கவனம் தேவை. அப்போது அரசி விக்டோரியாவுக்காகவும் கறுப்புக்கரைத் தாள் உபயோகித்தார்கள்.

பேரேடு போடுங்கள்

இதுதான் முதுகெலும்பு. கணினி அட்டவணையோ நோட்டோ, எட்டு பத்தி போடுங்கள்: எண், எழுதியவர், பெற்றவர், எழுதிய இடம், எழுதிய தேதி, வந்துசேர்ந்த முத்திரைத் தேதி, எந்தக் கடிதத்துக்குப் பதில், யார் பெயரெல்லாம் வருகிறது. உறையின் பின்பக்கம் வந்துசேர்ந்த ஊரின் முத்திரை இருக்கிறதா என்று எப்போதும் திருப்பிப் பாருங்கள்.

ஏழாவது பத்தியை நிரப்ப மூன்று சுருக்கச் சொற்கள் தெரிந்தால் போதும். 'இன்ஸ்ட்' என்றால் இந்த மாதம், 'அல்ட்' என்றால் போன மாதம், 'ப்ராக்ஸ்' என்றால் அடுத்த மாதம். அக்டோபர் 14 கடிதத்தில் '28 அல்ட்' கடிதம் கிடைத்தது என்றால் அது செப்டம்பர் 28 கடிதம். இதில் ஒரு சறுக்கல் உண்டு. கப்பல் நாள்வரை தினம் கொஞ்சமாக எழுதுவது வழக்கம். 29ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 2ஆம் தேதி முடித்தால், நடுவில் 'இன்ஸ்ட்' குறிக்கும் மாதம் மாறிவிடும். மையின் நிறமும் பேனாமுனையின் பருமனும் எங்கே மாறுகின்றன என்று பார்த்து, எந்தப் பத்தி எந்த நாள் எழுதியது என்று பிரியுங்கள். கடைசிப் பக்கம் கிறுக்கலாக இருந்தால் தபால்காரர் வாசலில் நின்றிருப்பார். அவசரத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பயண நாள்களை அட்டவணையின் தலைப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குச் சூயஸ் வழியாகச் சுமார் இரண்டு வாரம். சவுதாம்ப்டனிலிருந்து கேப் டவுனுக்கு யூனியன்-காசில் நிறுவனத்தின் கப்பல் சனிக்கிழமை கிளம்பி ஏறக்குறைய 17 நாள். கிழக்குக் கனடாவுக்கு எட்டுப் பத்து நாள். குளிர்காலத்தில் செயின்ட் லாரன்ஸ் நதி உறைந்துவிடுவதால் ஹாலிஃபாக்ஸ் அல்லது செயின்ட் ஜான் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் போகும். ஆஸ்திரேலியாவுக்கு ஐந்து வாரம் வரை, நியூசிலாந்துக்கு ஆறு வாரம் அளவில்.

இந்தக் கணக்கின் விளைவைப் பாருங்கள். நியூசிலாந்துத் தங்கையிடம் கேட்ட கேள்விக்குப் பதில் வர மூன்று மாதம். வாரம் ஒரு கடிதம் எழுதும் அக்கா அதற்குள் பன்னிரண்டு கடிதம் எழுதியிருப்பாள். அதனால் ஒரே சேதி நாலு தடவை வரும், தீர்ந்துபோன பிரச்சினைக்கு ஆலோசனை வரும், ஆறிய சண்டைக்கு மன்னிப்பு வரும். 'இவள் ஏன் என் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை' என்று ஒருவர் வருந்தும் இடத்தில் பேரேட்டைப் பார்த்தால், பதில் செங்கடலில் வந்துகொண்டிருக்கும். சாவுச் செய்தி கடலடித் தந்தியில் முந்திக்கொள்ளும். இறந்தவர் கையால் எழுதிய உற்சாகமான கடிதங்கள் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். தேதி வரிசையில் மட்டும் அடுக்கினால் இந்த வலி நம் கண்ணில் படாது. எனவே இரண்டு வரிசை வேண்டும்: எழுதிய வரிசை ஒன்று, கையில் கிடைத்த வரிசை ஒன்று.

கட்டு பெரும்பாலும் ஒருவழிதான் இருக்கும். தாய்வீட்டில் இருந்தவள் வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தினாள். கூடாரத்திலும் குடிசையிலும் இருந்த தம்பியால் அவளுடையதைக் காப்பாற்ற முடியவில்லை. காணாமல்போன கடிதங்களுக்கும் பேரேட்டில் வரி ஒதுக்குங்கள். பதிலில் அவை பற்றிச் சொல்லியிருப்பதை அந்த வரியில் சேர்த்தால் அவளுடைய குரலில் பாதியாவது திரும்பக் கிடைக்கும். சிலர் வெளிநாட்டுக் கடிதங்களுக்கு வரிசை எண் போட்டார்கள். முதல் பக்க மூலையில் சிறிய எண் தெரிந்தால், எத்தனை தொலைந்தது என்பதே தெரிந்துவிடும்.

எழுத்தைப் படிப்பது

ஒரு தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். நாம் நினைக்கும் 1, 2, 3, 4 வரிசையில் எல்லோரும் எழுதவில்லை. 1, 3, 2, 4 என்றும் 1, 4, 2, 3 என்றும் எழுதியவர்கள் உண்டு, உள்பக்கத்தைக் குறுக்காகத் திருப்பி எழுதியவர்களும் உண்டு. ஒரு பக்கத்தின் கடைசி வாக்கியம் எங்கே தொடர்கிறது என்று நாலு பக்கத்தின் முதல் வரியையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இடம் தீர்ந்ததும் முதல் பக்கத்தின் உச்சியில் தலைகீழாக எழுதி முடிப்பார்கள். முக்கியமான சேதி பல சமயம் அங்கேதான் இருக்கும்.

எழுதிய பக்கத்தையே 90 பாகை திருப்பி மேலே குறுக்காக எழுதும் பழக்கம் அப்போது குறைந்திருந்தாலும், காசு மிச்சம் பிடிக்கும் வெளிநாட்டுக் கடிதங்களில் இன்னும் இருந்தது. ஒரு கறுப்பு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி நீளமான துளை வெட்டுங்கள். அதைக் கடிதத்தின் அச்சுநகல்மேல் வைத்து வரிவரியாக நகர்த்திப் படியுங்கள். குறுக்கு வரிகள் வெறும் கோடுகளாகத் தோன்றத் தொடங்கும். மூலக் கடிதத்தின்மேல் அட்டையை இழுக்காதீர்கள்.

ஒரே ஆசிரியையிடம் கற்ற சகோதரிகளின் கையெழுத்து ஒன்றுபோலவே இருக்கும். சொல்லின் பொதுச் சாயலைப் பார்த்தால் ஏமாறுவோம். பெரிய எழுத்துகளின் தொடக்கச் சுழி, 'டி' எழுத்தின் குறுக்குக்கோடு, 'அண்ட்' (உம்) என்பதற்குப் போடும் & குறி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவருக்கும் வெட்டி ஒட்டி ஒரு மாதிரித்தாள் தயாரியுங்கள். சந்தேகம் தீராவிட்டால் 1911 ஏப்ரல் 2 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுக்கும். இங்கிலாந்து, வேல்ஸில் குடும்பத் தலைவர்கள் நிரப்பிய படிவங்களே காக்கப்பட்டிருக்கின்றன. அதில் அவர்களுடைய கையெழுத்தையே பார்க்கலாம். எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கேள்வியும் அதில் உண்டு.

தமிழில் சுருக்கமோ மொழிபெயர்ப்போ எழுதுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆங்கிலத்தில் அக்காவும் தங்கையும் ஒரே சொல். போதாக்குறைக்கு நாத்தனாரையும் கொழுந்தியாளையும் அதே 'சிஸ்டர்' என்று எழுதுவார்கள், மைத்துனனையும் 'பிரதர்' என்பார்கள். நமக்கோ ஒரு உறவுப்பெயரை எழுதாமல் வாக்கியமே முடியாது. பிறந்த ஆண்டுகளைச் சரிபார்த்து வம்சவரிசை போட்ட பிறகே 'அக்கா', 'தம்பி' என்று எழுதுங்கள். அதுவரை 'சகோதரி' என்றே இருக்கட்டும். ஒரு இடத்தில் தவறினால் கட்டு முழுக்கத் தவறும்.

எழுத்துப்படி எடுக்கும்போது பிழைகளைத் திருத்தாதீர்கள். தெரியாத சொல்லைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு போடுங்கள். ஊகத்தை ஊகம் என்று காட்டுங்கள். பத்துக் கடிதம் முடித்ததும் முதல் கடிதத்துக்குத் திரும்புங்கள். அப்போது விட்டுப்போன சொற்களில் பாதி தானாகப் படியும்.

ஸ்கேன், பெட்டி

கறுப்பு-வெள்ளை வேண்டாம், வண்ணத்தில் எடுங்கள். அங்குலத்துக்கு 400 புள்ளி, குறுக்கெழுத்து இருந்தால் 600. மூலப்படி டிஃப் என்ற, தரம் குறையாத படக்கோப்பு வடிவில், பார்ப்பதற்கு ஜேபெக் பிரதி. உறையின் இருபக்கமும் வெற்றுப் பக்கமும் சேர்த்து எடுக்க வேண்டும். கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்கினால் தானாக வரிசையாகும்: 1906-10-14, பிறகு எழுதியவர், பெற்றவர், பக்கம். நாள் தெரியாவிட்டால் அந்த இடத்தில் 00 போடுங்கள்.

அந்தக் காலத்து மலிவுத் தாள் மரக்கூழில் செய்து படிகாரம் சேர்த்தது, தானே அமிலம் சுரக்கும். அமிலமில்லாத மடிப்புத்தாளில் ஒரு கடிதத்துக்கு ஒன்று என்று வைத்து, அதே வகை அட்டைப்பெட்டியில் படுக்கையாக அடுக்குங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டுமென்றால் பாலியஸ்டர் மட்டும். பிவிசி உறை எழுத்தை உரித்துக்கொள்ளும். லேமினேஷன் கூடவே கூடாது, அதைத் திரும்ப எடுக்க முடியாது. கிழிசலில் செல்லோ டேப் ஒட்டினால் பசை சில ஆண்டில் தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாகிவிடும். பூச்சிக்காக வேப்பிலை வைப்பது நம் வீடுகளில் வழக்கம். பச்சையிலை ஈரத்தையும் கறையையும் கொண்டுவரும், இங்கே வேண்டாம்.

பரணும் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் மோசமான இடங்கள். ஈரப்பதம் 35க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் இருப்பது நல்லது. கடலோர ஊர்களில் அது கடினம், எனவே சிலிக்கா ஜெல் பையைப் பெட்டியின் மூலையில், காகிதத்தைத் தொடாமல் வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் அந்தக் கடிதத்தை உடனே தனியே பிரியுங்கள்.

இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். காகிதம் உங்களுடையது என்பதால் எழுத்தின் உரிமை உங்களுடையது ஆகாது. அது எழுதியவரின் வாரிசுகளுடையது. பிரிட்டிஷ் சட்டப்படி, 1969க்கு முன் இறந்தவர் எழுதி 1989 வரை அச்சேறாத கடிதங்களுக்கு 2039 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. வாரிசைத் தேடிய முயற்சியையும், எழுதிக் கேட்ட தேதியையும் அதே பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.